முன்னேஸ்வரக் கரையும் யானைக்கால் ஆய்வும்: ஒரு பயிற்சியின் வரலாறு

சிலாப நகருக்குக் கிழக்கே, தென்னஞ் சோலைகளின் நடுவே விளங்குவது முன்னேஸ்வரம். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளிய இத்தலத்தின் பழைமையை நம் மாணவர் நன்கறிவர். கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு இதற்கு மானியம் அளித்தமையும், 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இதனை இடித்தமையும், கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் இதனைப் புதுக்குவித்தமையும் வரலாற்று நூல்கள் கூறுவன. ஆண்டுதோறும் பெருந்திருவிழாவின் முடிவில், மாயவனாறு எனத் தமிழர் வழங்கும் தெதுரு ஓயாவிலே தீர்த்தம் நிகழும். ஆறும் களப்பும் வயலும் தென்னந் தோட்டமும் ஒருங்கே அமைந்த இப்பகுதி நீர்வளத்தாற் சிறந்தது. அந்நீர்வளமே இரு பெரும் நோய்களுக்கும் உறைவிடமாயிற்று என்பதை, தலத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கூறாது விடுவர்.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் மணலிடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. தெதுரு ஓயா, மகா ஓயா முதலியவற்றின் படுகைகளில் இவ்வாறு தேங்கிய நீரில் அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்பு பல்கிப் பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் எழுந்த மலேரியாக் கொள்ளைநோய் 1935ஆம் ஆண்டிலும் தொடர்ந்து, இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களை மாய்த்தது. அத்துன்பத்தை முதியோர் நெடுங்காலம் மறந்திலர். ஆயின் வேறு குளங்களிலும் குழிகளிலுமிருந்து எழுந்த வேறு நுளம்புகள் மற்றொரு நோயை ஓசையின்றிப் பரப்பிவந்தன. அது விரைந்து கொல்வதில்லை. ஆதலின் கொள்ளைநோய் என்னும் பெயர் அதற்குக் கிடைக்கவில்லை. காலையும் கையையும் வீங்கச் செய்து, உழைப்பைக் கெடுத்து, ஒருவரை ஊரின் கண்ணுக்கு அஞ்சி வீட்டினுள் ஒடுங்கச் செய்யும் அந்நோயே யானைக்கால்.

இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்றும் இலங்கை நீக்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. இவ்வெற்றிக்காக மருந்தையும் மருத்துவரையும் போற்றுவோர் பலர். அவர்க்குரிய புகழைக் குறைத்தல் எம் நோக்கமன்று. ஆயின் நள்ளிரவில் எடுத்த சில துளி குருதியைக் கண்ணாடியிற் பரப்பி, அதனுள் இருக்கும் புழு எவ்வினத்தது எனத் துணிந்து கூறவல்ல கண்களைப் பயிற்றியவர்களை நாம் நினைப்பதில்லை. அப்பயிற்சி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அது தளர்ந்தவிடத்து நேர்வது யாது என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் பொருள்.

பழையோர் அறிந்ததும் அறியாததும்

யானைக்கால் நம்மவர்க்குப் புதிய நோயன்று. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை இதனைச் சிலீபதம் எனக் குறிப்பிட்டு, பழைய நீர் மிகுதியாகத் தேங்குவதும் எப்பருவத்தும் குளிர்ச்சி நீங்காததுமான நாடுகளில் இது மிகும் என்கிறது. நோய்க்கும் தேங்கிய நீருக்கும் தொடர்புண்டு என்பதைக் கண்ணாற் கண்டறிந்த அறிவு அது. ஆயின் அத்தொடர்பு எவ்வழியாக நிகழ்கிறது என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர். அறியாமை நிலவும் இடத்தைக் கதைகள் நிரப்புதல் இயல்பு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கோவையில் அன்று, கோவாவில் வாழ்ந்த இலிஞ்சோட்டன் என்னும் ஒல்லாந்தர், தோமையாரைக் கொன்றோரின் வழித்தோன்றல்களுக்கே இவ்வீக்கம் சாபமாக வந்ததென்று மக்கள் கூறிய கதையை எழுதிவைத்துள்ளார். ஐரோப்பியர் இதனைக் கொச்சிக்கால் என்றும் அழைத்தனர்.

சாபம் என்றும் முன்வினை என்றும் கருதப்பட்ட நோய்க்கு மருத்துவம் தேடுவோர் குறைவர், மறைப்போர் மிகுவர். யானைக்கால் உள்ள வீட்டிற் பெண் கொள்வதற்கும் கொடுப்பதற்கும் தயங்கிய காலம் ஒன்றிருந்தது. இந்நோய்க்குக் காரணம் குலமன்று, குற்றமன்று, நூல்போன்ற ஒரு புழுவே என நிறுவியது நுணுக்குக்காட்டி. ஆதலின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த இம்முயற்சி, மக்களின் மானத்தோடும் தொடர்புடையது என்பதை மறத்தலாகாது.

புழுவைக் கண்டவர்கள்

1863ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தெமார்க்கே என்பவர், விதைப்பை வீக்கத்தினின்றும் எடுத்த நீரிலே மிகச் சிறிய புழுக்களைக் கண்டார். 1866ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் பாகியா நகரில் வுச்செரர் என்னும் மருத்துவர், நோயாளர் ஒருவரின் சிறுநீரில் அவற்றையே கண்டார். 1872ஆம் ஆண்டில் கல்கத்தாவில் திமோதி இலூயிசு அவற்றை மனிதக் குருதியிலே கண்டார். இவை யாவும் குஞ்சுப் புழுக்கள். அவற்றை ஈன்ற தாய்ப்புழுவை 1876ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் யோசேப்பு பாங்க்ரொவ்ற் கண்டெடுத்தார். வுச்செரர், பாங்க்ரொவ்ற் ஆகிய இருவர் பெயரையும் தாங்கியே அப்புழு இன்று வுச்செரேரியா பாங்க்ரொவ்றி என வழங்குகிறது. நான்கு நாடுகளில் நால்வர் தனித்தனியே கண்டவற்றை ஒன்றாகப் பொருத்திப் பார்க்க 13 ஆண்டுகள் சென்றன.

இனி, குருதியிலுள்ள குஞ்சுப்புழு ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்வது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. சீனத்தின் அமோய்த் துறைமுகத்தில் மருத்துவராயிருந்த பற்றிக் மான்சன், 1877ஆம் ஆண்டில் இதற்கு விடை காணத் தொடங்கினார். குருதியில் இப்புழுக்களைக் கொண்டிருந்த தம் பணியாளன் ஒருவனை நுளம்புகள் கடிக்கவிட்டு, அந்நுளம்புகளை நாள்தோறும் பிளந்து பார்த்தார். குஞ்சுப்புழு தன் உறையை நீக்கி, நுளம்பின் வயிற்றினின்றும் மார்புத் தசைக்குச் சென்று, அங்கே தடித்து வளர்தலை அவர் கண்டார். பூச்சியொன்றின் உடலினுள் மனித நோய்க்குரிய ஒட்டுண்ணி வளர்கிறது என்பதை உலகு முதன்முதல் அறிந்தது இவ்வாய்வினாலேயாம். இரொனால்டு இரோசு நுளம்பையும் மலேரியாவையும் தொடர்புபடுத்தி 1897ஆம் ஆண்டில் இந்தியாவிற் செய்த ஆய்வுக்கு வழிகாட்டியவரும் மான்சனே.

மான்சனின் ஆய்வில் மாணவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குருதியைச் சோதிப்பதற்கு அவர் உதவியாளர் இருவரைப் பயிற்றியிருந்தார். ஒருவர் பகலில் வேலை செய்தார். மற்றவர் இரவில் வேலை செய்தார். இரவில் வேலை செய்தவர் கண்ட புழுக்கள் மிகப் பல. பகலில் வேலை செய்தவர் கண்டவை மிகச் சில. பகலில் வேலை செய்தவர் கவனமின்றிப் பார்த்தார் என எண்ணி இதனைத் தள்ளியிருக்கலாம். மான்சன் அவ்வாறு செய்யாது மணிக்கு மணி எண்ணிப் பார்த்தார். குஞ்சுப்புழுக்கள் இரவிலே தோற் குருதிக்கு வந்து, பகலில் உள்ளுறுப்புகளிற், சிறப்பாக நுரையீரலின் கலன்களில், ஒதுங்கும் உண்மை அதனால் வெளிப்பட்டது. 1881ஆம் ஆண்டில் இலண்டனில் மக்கென்சி என்பவர், நோயாளர் ஒருவரைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்தபோது, புழுக்களும் தம் நேரத்தை மாற்றிக்கொண்டமையைக் காட்டினார். இரவிற் கடிக்கும் நுளம்புக்கு ஏற்ப இரவில் வெளிவரும் புழு! குருதிப் படலத்தை நள்ளிரவில் எடுக்கவேண்டும் என்னும் விதி இவ்வாறே பிறந்தது.

இருபத்துமூன்று ஆண்டுப் பிழை

இத்துணை நுட்பமாக ஆய்ந்த மான்சனும் ஓரிடத்திற் பிழைபட்டார். நுளம்பு ஒருமுறையே குருதி குடித்து, நீரில் முட்டையிட்டு, சில நாட்களில் இறந்துபோகும் என அவர் நம்பினார். இறந்த நுளம்பினின்றும் புழு நீரிற் கலந்து, அந்நீரைப் பருகுவோர் உடலிற் புகும் என முடிவு செய்தார். இம்முடிபு 1877 முதல் 1900 வரை 23 ஆண்டுகள் மருத்துவ உலகில் நிலைத்திருந்தது.

இப்பிழையை நீக்கியது புதிய கொள்கையன்று, புதிய கைத்திறனே. பிரிசுபேனில் யோசேப்பின் மகனாகிய தோமசு பாங்க்ரொவ்ற் நுளம்புகளைப் பல நாள் உயிருடன் வளர்க்கும் முறையைக் கண்டறிந்து, அவற்றை மதுசாரத்திற் பதமிட்டு இலண்டனுக்கு அனுப்பினார். மென்மையான பொருள்களைச் சிதையாமல் மெல்லிய சீவல்களாக அரியும் செலோயிடின் முறையைக் கற்றுவருமாறு மான்சன் தம் இளைய மாணவராகிய சோர்ச்சு கார்மைக்கேல் உலோ என்பவரை ஐரோப்பியக் கண்டத்துக்கு அனுப்பியிருந்தார். உலோ திரும்பிவந்து, அந்நுளம்புகளைத் தலைமுதலாகச் சீவி வரிசையாக நோக்கியபொழுது, முதிர்ந்த குடம்பிகள் நுளம்பின் குருதி உறிஞ்சும் குழலுக்குள்ளேயே நீண்டு கிடத்தலைக் கண்டார். புழு நீர்வழியாக வருவதன்று, கடிவழியாகவே வருவது. அதே 1900ஆம் ஆண்டில் இந்தியாவில் எஸ். பி. சேம்சு என்பவரும் இவ்வுண்மையைத் தனியே கண்டார்.

மான்சனிடம் அறிவுக்கும் ஊக்கத்துக்கும் குறைவில்லை. இருந்தும், நுளம்பை நெடுநாள் வளர்க்கும் வழியும், அதனைச் சிதையாமல் அரியும் வழியும் கையில் இல்லாமையால், உண்மை அவர் கண்முன்னே மறைந்திருந்தது. குடிநீரைக் காய்ச்சுமாறு மட்டும் மக்களுக்கு அறிவுறுத்தி நுளம்பு வலையை மறந்த ஆண்டுகள் அவை. கைத்திறன் குறைந்தால் மக்கள் துன்பம் நீளும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை. 1899ஆம் ஆண்டில் இலிவர்ப்பூலிலும் இலண்டனிலும் அயனமண்டல மருத்துவப் பள்ளிகள் திறக்கப்பெற்றன. இலண்டன் பள்ளியை நிறுவியவர் மான்சனே. நூலைப் படித்தல் போதாது, கண்ணையும் கையையும் பழக்க வேண்டும் என்னும் கொள்கை அப்பள்ளிகளால் நிலைபெற்றது.

இலங்கையில் இரு புழுக்கள்

இலங்கையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஆய்வுகூட மருத்துவம் வேரூன்றியது. கொழும்பில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்ணுயிரியல் நிறுவனம் தோன்றியது. 1903 முதல் அல்டோ கஸ்தெல்லானி அங்கே பணியாற்றினார். பின்னாளின் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அதனின்றும் வளர்ந்ததே. நுளம்பியல் ஆய்வுக்கு எச். எவ். காட்டர் முதலியோர் அடித்தளமிட்டனர். ஆற்றுக் குட்டைகளிற் பெருகும் எந்நுளம்பு மலேரியாவைப் பரப்புகிறது என இனங்காணப் பயின்ற கைகளே, பின்னர் யானைக்கால் நுளம்புகளைப் பிளந்து ஆய்வதற்கும் உதவின.

1927ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளிற் பணியாற்றிய புருக் என்பவர், மனிதக் குருதியில் வேறொரு குஞ்சுப்புழு உண்டென அறிவித்தார். அதுவே பின்னர் புருகியா மலாயி எனப் பெயர்பெற்றது. அதன் முதிர்ந்த புழுவை 1940ஆம் ஆண்டில் இந்தியாவிலே சுந்தர ராவும் மேப்பிள்சுடனும் விளக்கினர். அதுகாறும் ஒன்றெனக் கருதிய நோய் இரண்டாயிற்று. இலங்கையில் 1930களின் பிற்பகுதியில் நடத்திய அளவையில், நாட்டுப்புறங்களில் மிகுந்திருந்தது இம்மலாயிப் புழுவே எனத் தெரியவந்தது. தென்மேற்குக் கரையோர நகரங்களிற் பெருகியது வுச்செரேரியா.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வுச்செரேரியாவைப் பரப்புவது, முன்னாளிற் கியூலெக்சு பற்றிகான்சு என்றும் இன்று கியூலெக்சு குயின்குபாசியாற்றசு என்றும் வழங்கும் வீட்டு நுளம்பு. அது வடிகாலிலும், மலக்குழியிலும், தென்னை மட்டை ஊறும் குழியிலும் உள்ள அழுக்கு நீரிற் பெருகுவது. மலாயிப் புழுவைப் பரப்புவது மான்சோனியா நுளம்பு. அதன் குடம்பி ஏனைய நுளம்புக் குடம்பிகளைப்போல் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிடுவதில்லை. ஆகாயத்தாமரை எனப்படும் பிஸ்தியா முதலிய நீர்ப்பூண்டுகளின் வேரிலே தன் மூச்சுக்குழலைக் குத்தி, அவ்வேரினுள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாழ்வது. ஆதலின் நீரின்மேல் எண்ணெய் தெளித்தாலும் அது மாளாது. வுச்செரேரியா உள்ள ஊரிற் குழியை மூடவேண்டும். மலாயிப் புழு உள்ள ஊரிற் குளத்துப் பூண்டைக் களையவேண்டும். எது செய்வது என்பதைக் கூறுவது குருதிப் படலத்தை நோக்கும் ஒருவரின் சொல். அவர் பிழைபட்டால் ஊர் முழுவதன் உழைப்பும் வீணாகும்.

அயல்நாடாகிய திருவிதாங்கூரின் அனுபவம் இதற்குத் துணைசெய்கிறது. அங்கே எம். ஓ. ரி. ஐயங்கார் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, புழு, நுளம்பு, நீர்ப்பூண்டு ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கியது. சேர்த்தலைப் பகுதியிற் குளங்களின் பூண்டைத் தென்னைக்கு உரமாக இட்டுவந்தனர். நோயை வளர்த்த பூண்டே தோட்டத்தை வளர்த்தது. பிற்காலத்தில், 1975ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புதுச்சேரி நோய்ப்பரப்பி ஆய்வு மையத்தினர், அக்குளங்களிற் பூண்டை அகற்றி மீன் வளர்க்குமாறு மக்களை ஊக்கினர். மாணவரும் அம்முயற்சியிற் கலந்துகொண்டனர். தென்னையும் குளமும் சூழ்ந்த சிலாபப் பகுதியார்க்கு இச்செய்தி தம்மூர்ச் செய்தி போலவே தோன்றும்.

இலங்கையிற் பூண்டுகளின் வரலாற்றில் ஒரு விபரீதமும் உண்டு. 1939ஆம் ஆண்டில் தாவரவியற் கல்விக்கென இத்தீவுக்குக் கொண்டுவந்த சல்வீனியா என்னும் நீர்ப்பூண்டு, கல்விக் கூடத்தைக் கடந்து வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரந்தது. அதன் வேர்போன்ற உறுப்புகளிலும் மான்சோனியாக் குடம்பிகள் தங்கின. அதனைக் களைகொல்லியால் அழிக்கும் முறையை ஆராய்ந்து, சௌ, தேவசகாயம், வாம்பீக் ஆகிய மூவர் 1955ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதினர். கல்விக்கூடம் அறிவைத் தருவதோடு, கவனம் தப்பினால் தீங்கையும் தரும் என்பதற்கு இச்சல்வீனியா சான்று.

பயிற்சி மேசையில்

1947ஆம் ஆண்டிலே இலங்கையில் யானைக்கால் தடுப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. டைஎதில்கார்பமசீன் என்னும் மருந்து இப்புழுக்களைக் கொல்லும் என்பது வெளியானதும் அவ்வாண்டிலேயே. 1955ஆம் ஆண்டில் இந்தியாவிலும் தேசியத் திட்டம் தொடங்கி, கோழிக்கோடு, இராசமுந்திரி, வாரணாசி ஆகிய இடங்களிற் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. இத்தகைய பயிற்சியிற் கற்பிப்பது யாது என்பதை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

முதலாவது, இரவிற் குருதி எடுத்தல். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே வீடுவீடாகச் சென்று, உறங்குவோரை எழுப்பி, விரல் நுனியிற் குத்தி, 60 கன மில்லிமீற்றர் குருதியைக் கண்ணாடி வழுக்கியிற் பரப்புதல் வேண்டும். நள்ளிரவிற் கதவைத் தட்டும் ஒருவருக்கு வேண்டிய முதற் கருவி ஊசியன்று, இன்சொல்லே. நோயில்லாதவர் போலத் தோன்றும் ஒருவரின் குருதியிலும் குஞ்சுப்புழுக்கள் நிறைந்திருக்கக்கூடும். கால் பெரிதும் வீங்கியவரின் குருதியில் ஒன்றும் இல்லாதிருக்கவும்கூடும். ஆதலின் வீங்கிய காலைத் தேடிச் செல்பவர் நோயைப் பரப்புவோரைத் தவறவிடுவர்.

இரண்டாவது, படலத்தைச் சாயமிடுதல். உலர்ந்த படலத்தை நீரிலிட்டுச் செந்நிறத்தைப் போக்கி, கீம்சாச் சாயத்தில் ஊறவைப்பர். நீரில் விரைந்து அலசினாற் படலம் கழன்று போகும். சாயம் பழையதாயிற் கருக்கள் விளங்கா. இவற்றைக் கையால் தவறிச் செய்தே மாணவர் கற்பர்.

மூன்றாவது, இனங்காணுதல். வுச்செரேரியாவின் குஞ்சு, வழுவழுப்பான வளைவுகளுடன் கிடக்கும். அதன் வால் நுனியிற் கருக்கள் இரா. மலாயியின் குஞ்சு அதனினும் குறுகியது. ஒழுங்கற்ற சிறு மடிப்புகளுடன் கிடக்கும். தலையின் வெற்றிடம் அகலத்தினும் இருமடங்கு நீளமாயிருக்கும். வால் நுனியில் இரண்டு கருக்கள் தனித்தனியே நிற்கும். அதன் உறை கீம்சாவில் இளஞ்சிவப்பாகத் தோன்றும். ஒரு மில்லிமீற்றரின் நான்கில் ஒரு பங்கே நீளமுள்ள உயிரின் வால் நுனியில் இரண்டு புள்ளிகள் உண்டா இல்லையா என்பதே வினா. பஞ்சின் இழையையும் பூஞ்சையின் துண்டையும் புழுவென மயங்காதிருத்தலும் இப்பயிற்சியின் பகுதியே.

நான்காவது, நுளம்பைப் பிளந்து ஆய்தல். வீடுகளிற் பிடித்த பெண் நுளம்பை இனங்கண்டு, சிறகையும் காலையும் நீக்கி, தலை, மார்பு, வயிறு ஆகிய மூன்றையும் தனித்தனி உப்புநீர்த் துளிகளில் இட்டு, ஊசிகளால் மெல்லப் பிரிப்பர். மார்புத் தசையிற் குறுகித் தடித்த குடம்பி காணப்படின் நுளம்பு தொற்றுற்றது. தலையிலோ உறிஞ்சுகுழலிலோ நீண்டு விரைந்து நெளியும் மூன்றாம் நிலைக் குடம்பி காணப்படின் அது தொற்றவல்லது. இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கணக்கிடல் வேண்டும். குஞ்சுப்புழு இந்நிலையை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை உயிர்வாழாத நுளம்பு எவர்க்கும் தீங்கு செய்யாது. நுளம்பினுள் இப்புழு எண்ணிக்கையிற் பெருகுவதுமில்லை. ஆதலின் பலநாட் கடிகளாலேயே நோய் வேர்கொள்ளும். ஒரு கடியால் நோய் வந்துவிடும் என அஞ்சுவோரைத் தேற்றவும், சிலகாலத் தடுப்பும் பெரும்பயன் தரும் என வற்புறுத்தவும் இவ்வறிவு உதவுகிறது.

நுளம்பினுட் காணும் குடம்பி யாவும் மனிதப் புழுவின் குடம்பியன்று. நாயின் டைரோபிலேரியாவின் குடம்பி மார்புத் தசையில் வளராது, மல்பீசியன் குழாய்களில் வளரும். இலங்கையில் முயலின் உடலிலிருந்து புருகியா பக்லியி என்னும் புழுவை 1961ஆம் ஆண்டில் திசாநாயக்காவும் பரமானந்தனும் விளக்கினர். நாயினின்றும் புருகியா சிலோனென்சிசு என்பதை 1962ஆம் ஆண்டில் சயவர்த்தனா விளக்கினார். மனித நோயை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் முயலையும் நாயையும் ஏன் ஆராய்ந்தனர் என வினவுவோர்க்கு, பிற்காலம் விடை கூறியது. அதனை இனிக் காண்பாம்.

வெற்றியும் எச்சரிக்கையும்

நீர்ப்பூண்டை அழித்ததனாலும் மருந்தினாலும் மலாயிப் புழு இலங்கையில் 1960களின் இறுதியளவில் மறைந்தது. பின்னர் அரசின் முயற்சி முழுவதும் வுச்செரேரியாவின்மீது திரும்பியது. கொழும்பு, கம்பகா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் ஆகிய எட்டு மாவட்டங்கள் நோய்நிலமெனக் குறிக்கப்பெற்றன. முன்னேஸ்வரம் அமைந்த புத்தளம் மாவட்டம் இவற்றுள் ஒன்று. 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கொருமுறை இம்மாவட்டங்களின் மக்களுக்கு டைஎதில்கார்பமசீனும் அல்பெண்டசோலும் சேர்த்து வழங்கினர். அதன் பயனாகவே 2016ஆம் ஆண்டின் சான்று கிடைத்தது. அதே ஆண்டில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றையும் இலங்கை பெற்றது. 1934ஆம் ஆண்டின் துயரைக் கண்ட ஆற்றங்கரைக்கு ஒரே ஆண்டில் இரட்டை வெற்றி கிடைத்தது எனல் தகும்.

ஆயின் அவ்வெற்றிக்கு முன்னரே, 2006ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காணப்படாதிருந்த மலாயிப் புழு மீண்டும் இலங்கையரின் குருதியிற் காணப்பட்டது. நாயிலும் பூனையிலும் அவ்வினத்தை ஒத்த புழுக்கள் இருத்தலும் தெரியவந்தது. முற்காலப் புழு இரவிற் பெரிதும் வெளிப்படுவது. புதிதாகக் கண்டதோ பகலிலும் ஓரளவு குருதியில் நிற்பது. முயலையும் நாயையும் ஆராய்ந்த முன்னோரின் உழைப்பு ஏன் வேண்டியிருந்தது என்பது இப்பொழுது விளங்கும். மனிதர்க்கு மருந்து கொடுத்தபின்னும் விலங்கினுட் புழு தங்கியிருக்குமாயின், நோய் திரும்பிவரும் வழி அடைபடவில்லை என்பது பொருள்.

இக்காலத்தில் விரல் நுனிக் குருதியைத் தாளிலிட்டுச் சில நிமிடங்களில் விடை காணும் சோதனைகள் உள்ளன. அவற்றுக்கு இரவு விழித்தலும் வேண்டா. ஆதலின் நுணுக்குக்காட்டிப் பயிற்சி இனி எதற்கு என்பாரும் உளர். புழுவின் பொருளையே குருதியிற் காட்டும் அத்தாட் சோதனை வுச்செரேரியாவுக்கு உரியது. மலாயிப் புழுவை அது காட்டாது. அதனை மட்டும் நம்பியிருப்போர் திரும்பிவந்த புழுவைக் காணார். வால் நுனியின் இரண்டு கருக்களைக் காணப் பழகிய கண்ணே அதனைக் காணும்.

மலேரியாவின் வரலாறும் இதனையே கற்பிக்கிறது. டீ.டீ.ரி. தெளித்ததனால் 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என மகிழ்ந்து தெளித்தலையும் தேடலையும் தளர்த்தினர். 1969ஆம் ஆண்டில் மட்டும் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. வெற்றியின்போது சோர்தலின் விலை இத்துணைப் பெரிது.

யானைக்காலில் இச்சோர்வு வேறொரு வகையாக வரக்கூடும். நோய் குறையக் குறையப் புழுவுள்ள படலங்களும் அரிதாகின்றன. ஒரு புழுவையேனும் தம் கண்ணாற் கண்டிராத மாணவர் ஆயிரம் வெறும் படலங்களைப் பார்த்துப் பழகுவர். ஆயிரத்தோராவது படலத்திற் புழு இருப்பினும் அதனை அறியார். பல்கலைக்கழகங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் சாயம் வெளிறிவரும் பழைய வழுக்கிகள் இன்றும் உண்டு. அவற்றைப் பேணுதலும், மாணவர்க்கு அவற்றைக் காட்டுதலும், அயல்நாட்டு ஆய்வுகூடங்களோடு மாற்றிக்கொள்ளுதலும் சிறு செலவில் முடிவன. அவற்றை எறிந்துவிட்டால் எப்பொருள் கொடுத்தும் மீட்டல் அரிது.

முடிவுரை

முன்னேஸ்வரத் திருவிழாவின்போது தென்னஞ் சோலைகளினூடே நடந்து தெதுரு ஓயாவிற் தீர்த்தமாடும் அடியார்களுள், தம் பாட்டனார் பாட்டியாரின் வீங்கிய கால்களை நினைவுகூர்வோர் இன்னும் இருப்பர். அவர்தம் பிள்ளைகள் இலகுவாய் நடக்கின்றனர். அந்நடை தானாக வந்ததன்று. நள்ளிரவில் விளக்கேந்திக் கதவைத் தட்டியவர்களும், படலத்தை அலசிச் சாயமிட்டவர்களும், கண் வலிக்க ஒரு புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் வேறுபாடு பார்த்தவர்களும் தந்தது அது. அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் எந்நூலிலும் இல்லை.

நம் மாணவருட் பலர் மருத்துவராகவும் ஆய்வுகூட உதவியாளராகவும் ஆசிரியராகவும் விளங்குவர். அவர்கள் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். மான்சன் என்னும் பேரறிஞர் 23 ஆண்டுகள் காணாததை, சீவிப் பார்க்கக் கற்றுவந்த ஓர் இளைஞர் கண்டார். கையால் செய்யும் வேலையைத் தாழ்ந்ததெனக் கருதும் நம் பழக்கம் அறிவுக்குப் பகை. கல்லூரியின் நுணுக்குக்காட்டி தேர்வு நாளன்று மட்டும் பெட்டியினின்றும் வெளிவருமாயின், அக்கல்லூரி நூலைக் கற்பித்ததேயன்றிக் காணக் கற்பித்ததாகாது. நோய் நீங்கிய நாடு காவலையும் நீக்கலாகாது. காவலுக்கு வேண்டுவன பயின்ற கண்களே. அக்கண்களைத் தலைமுறைதோறும் உருவாக்குதல் ஆசிரியர்தம் கடன். அப்பயிற்சியைச் சிறிதென எண்ணாது ஏற்றல் மாணவர்தம் கடன்.